வெற்றுக்குழாய் நீலமான இரண்டு மாதம்

மூன்று வெற்றுக்குழாய்களும் நீலமாகிவிட்டன.

வெற்றுக்குழாய் என்று நாங்கள் சொல்வது காலியான சோதனைக்குழாயை அல்ல. அதில் காய்ச்சி வடித்த நீர் இருக்கும். பொஸ்பேற்று என்ற உப்பு மட்டும் இருக்காது. அமிலமும் மொலிப்டேற்றும் விற்றமின் சீயும் கலந்த கரைசலை அதில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாலும் அது தண்ணீர் நிறத்திலேயே நிற்கவேண்டும். பொஸ்பேற்று உள்ள குழாய்தான் நீலமாகும். கொஞ்சம் இருந்தால் வெளிறிய நீலம், நிறைய இருந்தால் மை நீலம். பொஸ்பேற்று இல்லாத குழாயே நீலமானால் பக்கத்துக் குழாய்களின் நீலத்தை யார் நம்புவது?

ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர் அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து பதினைந்து வருடமாகியும் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளாதவர்.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் நீலமோ?”

“ஆமாக்கா.”

“நேற்றையிலும் பார்க்க வடிவாய்த்தான் இருக்கு. இந்த நிறத்தில ஒரு சீலை எடுக்கலாம்.”

“எடுத்துக் குடுங்கக்கா. என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா கட்டிக்கிட்டுப் போறேன்.”

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப்படுவது நடக்கக்கூடிய காரியம் என்று இருவருக்கும் தெரியும். என் மேற்பார்வையாளரான பேராசிரியர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாதத்தில், மீளாய்வுக் குழு கூடும். அதற்குள் ஒரு சுத்தமான வெற்றுக்குழாயையாவது காட்டமுடியாவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு முடிவுக்கு வரும். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இது நான் வென்ற கதை. அதனால் பதற்றமில்லாமல், வரிசையாகவே சொல்லலாம்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது. புற்றுநோய்க் கலம் நிற்காமல் பிரிகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் பரம்பரைப் பொருளை முழுதாக ஒருமுறை நகல் எடுக்கவேண்டும், புதிய மென்சவ்வு கட்டவேண்டும், அந்த வேலைக்கெல்லாம் சக்தி சேர்க்கவேண்டும். மூன்றுக்கும் பொஸ்பேற்று வேண்டும். ஆனால் கலத்தின் மென்சவ்வு பொஸ்பேற்றைத் தானாக உள்ளே விடாது. அதற்கென்று மென்சவ்வில் கதவு போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, சோடியத்தைக் கொண்டு வேலை செய்பவை. வெளியே நிறையவும் உள்ளே குறைவாகவும் இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடித்துக்கொண்டிருக்கிறது. அது வரும் வேகத்தில் பொஸ்பேற்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. கட்டிகள் சிலவற்றில் இந்தக் கதவுகள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதாக வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அப்படியானால் புற்றுநோய்க் கலம் உண்மையாகவே கூடுதலாகக் குடிக்கிறதா, அந்தக் கதவால்தான் குடிக்கிறதா என்பது என் கேள்வி. பதில் ஆம் என்றால் அந்தக் கதவைப் பார்த்துக் கட்டியை அடையாளம் காணலாம். ஒருநாள் யாராவது அதை அடைக்கவும் கூடும்.

வசதியான நாடுகளில் இதைக் கதிரியக்கப் பொஸ்பேற்றால் அளப்பார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. யுத்தத்தின் கடைசி ஆண்டுகள். கொழும்பிலிருந்து ஒரு போத்தல் சாதாரண அமிலம் வருவதற்கே மூன்று கடிதமும் இரண்டு முத்திரையும் தேவைப்பட்டன. கதிரியக்கப் பொருள் கேட்டுக் கடிதம் எழுதும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் பெயர் எந்தெந்த மேசையில் போய் நிற்கும் என்று பேராசிரியர் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு “நீல முறையில் செய்யுங்கள்” என்றார். அவர் சிங்களவர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

நீல முறை எளிது. இரண்டு தட்டுகளில் கலங்களை வளர்க்கவேண்டும். ஒன்றில் மார்பகப் புற்றுநோய்க் கலங்கள், மற்றதில் புற்றில்லாத மார்பகக் கலங்கள். நுணுக்குக்காட்டியில் எண்ணி இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு பொஸ்பேற்று உள்ள கரைசலைக் கொடுக்கவேண்டும். சில மணித்தியாலம் கழித்துக் கரைசலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். நீலம் குறைந்த தட்டுக் கூடுதலாகக் குடித்திருக்கிறது. எளிய முறைதான், ஆனால் அழுக்குக்கு அப்படிப் பயப்படும் முறை வேறில்லை. கடைச் சலவைத்தூளில் பொஸ்பேற்று இருக்கிறது. விரல் நுனி பட்டாலும் இருக்கிறது. குழாயில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத மிச்சமே இரு தட்டுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மூடிவிடும்.

ஆய்வுகூடத்தில் இதற்கென்றே பொஸ்பேற்று இல்லாத கழுவுதிரவம் ஒன்று வைத்திருந்தார்கள். நான் கலங்களை வளர்த்து முடித்த மாதம் அது தீர்ந்துபோனது. அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியவில்லை. அன்றிரவு விடுதி அறையில் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பட்டியல் போட்டேன். அதைப் பார்த்தே எழுதுகிறேன்:

கடைச் சலவைத்தூள் – பொஸ்பேற்று. கூடாது.
உடுப்புச் சவர்க்காரம் – என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. கூடாது.
வெறும் நீர் – கொழுப்புப் போகாது.
அடுப்புச் சாம்பல் – பொற்றாசியம் காபனேற்று, கல்சியம் காபனேற்று, கொஞ்சம் கரி. கொழுப்பை அறுக்கும். சவர்க்காரமே இல்லை. சரி.

கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பும் அலுமினியத் தட்டும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் தவிர வேறொன்றையும் கண்டதில்லை. ஆய்வுகூடத்துக் கண்ணாடிகளைவிட அவை பளபளத்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த எந்தப் பிள்ளைக்கும் தோன்றாத வழி எனக்குத் தோன்றிவிட்டதே என்று எனக்குள் ஒரே பெருமை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

“சாம்பலா? என்னாத்துக்குடி?”

“லெபோரட்டரில கண்ணாடி சாமான் கழுவம்மா.”

“அம்புட்டுப் படிச்சிட்டு அங்கயும் சட்டி கழுவத்தான் விட்டிருக்காங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, கரிக்குச்சி மிஞ்சாமல் நன்றாக எரிந்த இடமாகப் பார்த்து வெள்ளைச் சாம்பலை அள்ளினார். பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்து, ஒரு பால்மா டின் நிறைய அடைத்துத் தந்தார்.

திங்கட்கிழமை காலை கண்டிக்கு வரும் பஸ்ஸை நகரத்துக்குள் நுழையும் முன் இராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். பையைத் திறந்த இளம் பெண் சிப்பாய் டின்னை அசைத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள், டின் நிறைய. அவளது முகம் மாறியதையும் எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கியதையும் நான் ஒரே நேரத்தில் உணர்ந்தேன். அவளோடு நின்ற மூத்த சிப்பாய் ஒருவர் அருகில் வந்தார்.

“என்ன இது?” என்றார் சிங்களத்தில்.

“சாம்பல்.”

“எதற்கு?”

“கண்ணாடிக் குழாய் கழுவ.”

“கண்டியில் சாம்பல் இல்லையா?”

“இல்லை ஐயா. கண்டியில் எல்லாரும் காஸ் அடுப்பு.”

அவர் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், “எங்கள் வீட்டிலும் இதுதான். மூடிக் கொடு” என்றார். பஸ் பிறகும் இருபது நிமிடம் நின்றது.

அந்த டின் சாம்பலால்தான் குழாய்களைக் கழுவத் தொடங்கினேன். அதுவரை கழுவிக்கொண்டிருந்தவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தவர், கழுவுதிரவத்தைத் தொட்டு இரண்டு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டு வானொலியில் கிரிக்கெட் கேட்கப் போகிறவர். அவரை நம்பி என் குழாய்களைக் கொடுக்க எனக்கு மனமில்லை. “இனி நான் கழுவுகிறேன்” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கையை விரித்து, மகிழ்ச்சியாகவே விலகினார். நான் ஒவ்வொரு குழாயையும் சாம்பலால் தேய்த்து, குழாய் நீரில் பத்துத் தடவையும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவையும் அலசினேன். வெளிச்சத்தில் பிடித்தால் குழாய் இருப்பதே தெரியாது.

அதிலிருந்துதான் நீலம்.

முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை சந்தேகிக்கவேண்டியவற்றின் பட்டியலைப் போட்டேன். வடிநீர், அமிலம், மொலிப்டேற்று, விற்றமின் சீ, நீலத்தை அளக்கும் நிறமானி, என் கை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனேன். வடிநீரை வைத்தியசாலை ஆய்வுகூடத்து நீரால் மாற்றினேன், நீலம். புதிய அமிலப் போத்தலைத் திறந்தேன், நீலம். கையுறை இரண்டு சோடி போட்டேன். நீலம், வியர்வை வேறு. எல்லா நாளும் ஒரே அளவு நீலமாக இருந்தாலாவது கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கலாம். ஒரு குழாய் வெளிறும், பக்கத்துக் குழாய் கறுக்கும். புற்றுநோய்க் கலங்களும் மற்றக் கலங்களும் ஒரே அளவு குடிப்பதுபோலவே தெரிந்தது. சில நாள் புற்றுநோய்க் கலங்கள் பொஸ்பேற்றைக் குடிப்பதற்குப் பதிலாகத் துப்புவதுபோலத் தெரிந்தது.

“பிள்ளை, குழாயில ஏதும் இருக்குமோ?” என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“இல்லக்கா, பாத்துட்டேன். கழுவின குழாய்ல வடிநீர் ஊத்தி, குலுக்கி, அந்தத் தண்ணிய வேற பிளாஸ்ரிக் குழாய்ல எடுத்து டெஸ்ட் பண்ணினேன். நீலமே இல்ல. குழாய் சுத்தம்.”

“அப்ப பேய்தான்.”

“பேய்க்கும் பொஸ்பேற்று இருக்குமாக்கா?”

“எலும்பு இருந்தா இருக்கும்.”

ஒன்றரை மாதம் போயிற்று. பேராசிரியர் ஆறு கிழமைத் தவணை சொன்னது அப்போதுதான். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் என்னோடு சேர்த்து இருவர். ஆராய்ச்சிக்குப் போனது நான் ஒருத்தி. திரும்பிப் போனால் தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு எழுதுவினைஞர் வேலை கிடைக்கும், யாரும் என்னைக் குறைத்துப் பேசமாட்டார்கள். அதையும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். அந்தப் பட்டியலில் எல்லாமே நல்லதாக இருந்தது. ஆனாலும் எனக்கு அது வேண்டாம். புற்றுநோய்க் கலம் கூடுதலாகக் குடிக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் எந்த மலைக்கும் ஏறப்போவதில்லை.

தவணை சொல்லி மூன்றாம் கிழமை நகரத்தில் ஏதோ பதற்றம் என்று கடைகளை நேரத்தோடு அடைத்தார்கள். பஸ் ஓடாது என்று செய்தி வந்தது. நான் மதியத்திலிருந்து ஆய்வுகூடத்திலேயே இருந்தேன். வேறு வேலை செய்ய முடியாததால் தொடக்கத்திலிருந்து செய்த எல்லாச் சோதனை ஓட்டங்களையும் ஒரு பெரிய தாளில் எழுதினேன். திகதி, நீர், அமிலம், கரைசல் செய்த நாள், வெற்றுக்குழாயின் அளவு. கழுவுதிரவம் தீரும் முன், ஒத்திகைக்காகச் செய்த ஓட்டங்களையும் சேர்த்தேன். அந்த ஓட்டங்களில் வெற்றுக்குழாய் ஏறக்குறையத் தெளிவு.

அது ஏன் என்று பார்த்தபோதுதான் என் தாளில் ஒரு நிரல் இல்லாதது கண்ணில் பட்டது. யார் கழுவியது என்பதை நான் எழுதவேயில்லை. அதை ஒரு கேள்வியாக நான் நினைத்ததில்லை. நிரலைப் போட்டு நிரப்பினேன். உதவியாளர் கழுவுதிரவத்தால் கழுவிய நாட்கள் எல்லாம் தெளிவு. இடையில் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு கிழமையில் அவர் வெறும் நீரில் அலசி வைத்த குழாய்கள்கூட, கொழுப்புப் படலத்தோடு, வெளிறிய நீலம்தான். மை நீலம் வந்த ஒவ்வொரு நாளும் கழுவியது நான்.

அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் ஒரு நிமிடம்கூட இல்லை. எழுந்து போய், கையிருப்பில் இருந்த சில புதிய பிளாஸ்ரிக் குழாய்களில் ஒன்றில் வடிநீர் விட்டு, டின்னிலிருந்து ஊசிமுனையளவு சாம்பலைப் போட்டேன். நீல முறைக் கரைசலை விட்டேன். அமிலம் பட்டதும் சாம்பல் நுரைத்தது. நுரை அடங்கியது. பத்து நிமிடம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மூன்றாம் நிமிடத்திலேயே குழாய்க்குப் பின்னால் பிடித்த என் விரல் தெரியவில்லை.

விறகு மரம். மரம் உயிரோடு இருந்தபோது அதுவும் கலங்களால் ஆனது. எரித்தால் காபன் போகும், நீர் போகும். பொஸ்பேற்று எங்கே போகும்? கல்சியத்தோடு சேர்ந்து சாம்பலிலேயே கிடக்கும். அது நீரில் கரையாது. அதனால்தான் அலசிய நீரில் எதுவும் தெரியவில்லை. நீரும் அமிலமும் கரைசலும் சுத்தம் என்றும் அதே சோதனை சொல்லியிருந்தது, அதை நான் கேட்கவில்லை. கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொண்டு, அமிலம் வந்ததும் கரைந்து வெளியே வந்திருக்கிறது. பொஸ்பேற்று வேண்டாம் என்று சவர்க்காரத்தை விலக்கியவள், பொஸ்பேற்றை அள்ளி எடுத்துத் தும்பால் தேய்த்துப் பூசியிருக்கிறேன், அதுவும் இரண்டு மாதம். என் பட்டியல் சாம்பலுக்கு மூன்று பொருள் எழுதி நின்றுவிட்டது. நான்காவதை எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

நான் சிரித்த சத்தத்தில் அக்கா ஓடி வந்தார்.

“என்ன பிள்ளை? வெளியில ஏதும் நடந்திட்டுதோ?”

“இல்லக்கா. பேயப் புடிச்சிட்டேன்.”

குழாயைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஐயோ கடவுளே. அப்ப அந்த ஆமிக்காரன் உம்மை அண்டைக்குப் பிடிச்சு வைச்சிருந்தா உமக்கு இரண்டு மாசம் மிச்சம்” என்றார்.

மறுநாள் உதவியாளரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “மிஸ், நான் கழுவிய நாளில் நீலம் குறைவு என்று நான் அப்போதே பார்த்தேன்” என்றார்.

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“மிஸ் கேட்கவில்லையே.”

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமேயில்லை. “வாழைக்குப் போடுற சாம்பல்டி அது. ஒரமில்லாமலா வாழைக்குப் போடுறோம்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல” என்றார். யாரிடமும் கேட்காமல் இரண்டு மாதம் ஓட்டியவள் என்ற பெயர் எனக்கு இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் இரண்டு மொழியில் கிடைத்தது.

மூன்று கிழமை இருந்தது. எல்லாக் குழாய்களையும் நீர் கலந்து ஐதாக்கிய அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, வடிநீரில் அலசினோம். கொழுப்புப் போக, அமிலத்துக்கு முன் மதுசாரத்தில் ஒரு அலசல். கழுவும் வேலை மீண்டும் உதவியாளருடையது. நான் பட்டியல் மட்டும் எழுதினேன். முதல் நாள் வெற்றுக்குழாய்கள் மூன்றும் தெளிவாக நின்றன. அக்காவும் நானும் அவற்றின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் பார்த்தோம். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததை அவ்வளவு ஆசையோடு நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

பிறகு கலங்கள். எண்ணி, சமன் செய்து, கரைசல் கொடுத்து, மூன்று மணித்தியாலம் கழித்து எடுத்தேன். புற்றில்லாத கலங்களின் குழாய் நல்ல நீலம். அவை அளவாகக் குடித்திருந்தன. புற்றுநோய்க் கலங்களின் குழாய் அதில் பாதியளவு நீலமும் இல்லை. ஐந்து நாள் செய்தேன், ஐந்து நாளும் அப்படியே. இவ்வளவு காலமும் கலங்கள் உண்மையைத்தான் செய்துகொண்டிருந்தன. அதை மூடியிருந்தது என் சுத்தம்.

ஆனால் கூடுதலாகக் குடித்தால் மட்டும் போதாது. கதவால் குடிக்கிறதா, அல்லது நோய்ப்பட்ட மென்சவ்வு ஒழுகுகிறதா? அதற்கு ஒரு வழி இருந்தது. கரைசலில் இருக்கும் சோடியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கோலின் என்ற பொருளைச் சேர்க்கவேண்டும். கலத்துக்கு உப்பின் அளவு மாறாது. ஆனால் பொஸ்பேற்றைக் கையைப் பிடித்து இழுத்துவரச் சோடியம் இருக்காது. ஒழுகல் என்றால் அப்போதும் குடிக்கும். கதவு என்றால் நிற்கும். கோலின் ஆய்வுகூடத்து அலுமாரியின் மேல்தட்டில் யாரோ விட்டுப்போன போத்தலில் இருந்தது. ஓர் ஓட்டத்துக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும் போதும். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு அந்த ஓட்டத்தைச் செய்தேன்.

சோடியம் இருந்த தட்டு: வெளிறிய நீலம். சோடியம் இல்லாத தட்டு, அதே புற்றுநோய்க் கலங்கள், அதே எண்ணிக்கை: கொடுத்த பொஸ்பேற்று ஏறக்குறைய அப்படியே, நல்ல நீலம். கதவு நின்றுவிட்டது.

அக்கா நிறமானியின் இலக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். “பிள்ளை, இது வேலை செய்யுதெல்லோ!”

அறிக்கை எழுதியபோது பேராசிரியருக்கும் எனக்கும் ஒரே ஒரு கருத்து வேற்றுமை வந்தது. சாம்பல் விடயத்தை ஒரு வரியில், “கண்ணாடிப் பொருட்களின் மாசு நீக்கப்பட்டது” என்று முடித்துவிடலாம் என்றார் அவர். என் நன்மைக்காகத்தான் சொன்னார். குழுவில் சிலர் எதையாவது தேடிக்கொண்டே வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் இரண்டு பக்கம் எழுதினேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எந்தச் சோதனை என்னை ஏமாற்றியது, எந்த நிரல் விடுபட்டது. அந்தப் பக்கங்களை எடுத்தால் முதல் இரண்டு மாதத்து எண்கள் எங்கே போயின என்று யாராலும் விளங்கிக்கொள்ள முடியாது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்றார்.

குழுவில் மூன்று பேர். அவர்களில் ஒருவர் வெளியிலிருந்து வந்த டொக்டர் அம்மையார், வைத்தியசாலையில் கட்டித் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இது புற்று, இது இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர். என் விளக்கம் முடிந்ததும் சாம்பல் பக்கத்தைத் திறந்தார்.

“அடுப்புச் சாம்பலால் கழுவினீர்கள்.”

“ஆம்.”

“இரண்டு மாதம்.”

“ஆம்.”

“அப்படியென்றால் இப்போது குழாய் சுத்தம் என்று நீங்கள் சொல்வதை நான் ஏன் நம்பவேண்டும்?”

“நீங்கள் நம்பத் தேவையில்லை. ஆய்வுகூடம் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது” என்றேன். பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

மூவரும் இறங்கி வந்தார்கள். உதவியாளர் காலையில் கவிழ்த்து வைத்த குழாய்கள் தாங்கியில் காய்ந்துகொண்டிருந்தன. அம்மையார் கையுறை போட்டார். முன்வரிசையை விட்டு, நடுவில் கையை நுழைத்து ஐந்து குழாய்களை அவரே எடுத்தார். அவரே வடிநீர் விட்டார், அவரே நீல முறைக் கரைசலை விட்டார். ஐந்து குழாய்களையும் யன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறையில் அக்கா, உதவியாளர், பேராசிரியர், குழு, நான். ஐந்தாம் நிமிடம் உதவியாளர் வானொலியை அணைத்திருந்ததை நான் கவனித்தேன். போட்டி நடக்கிற நாள் அது.

பத்து நிமிடம். பதினைந்து. அம்மையார் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, தன் வெள்ளை மேலங்கிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். ஐந்தும் தண்ணீர்.

“சரி” என்றார். பிறகு முதல் தடவையாகப் பொஸ்பேற்றைப் பற்றிக் கேட்டார். “சோடியம் இல்லாமல் குடிக்கவில்லை. நல்லது. ஆனால் இந்த வேலை செய்யும் புரதம் ஒன்று அல்லவே, ஒரு குடும்பமே இருக்கிறது. உங்கள் கலங்கள் எதால் குடிக்கின்றன?”

“தெரியாது.”

“ஊகம்?”

“ஊகம் இருக்கிறது. ஆனால் அளக்கவில்லை.”

அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. “அளந்துவிட்டுச் சொல்லுங்கள். என்னிடம் கட்டித் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் அந்தக் கதவைத் தேட ஒருவர் எனக்கு வேண்டும்” என்றார்.

அரை மணியில் பேராசிரியர் வெளியே வந்து சொன்னார். பதிவு தொடரும், இரண்டு வருடம். வைத்தியசாலையோடு சேர்ந்த வேலை. அவர் கை கொடுத்தார். அக்கா கை கொடுக்காமல் கட்டிப்பிடித்து, “நான் அப்பவே சொன்னனான், இவள் விடமாட்டாள் எண்டு” என்று, ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை.

நாலு மணிக்கு யன்னலோரம் நின்று அம்மாவுக்கு அழைத்தேன். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும். அவர் அங்கே வந்து காத்திருந்தார்.

“பாஸா?”

“பாஸும்மா.”

“அப்ப அந்த நோய்க்கு மருந்து கண்டுபுடிச்சிட்டியா?”

“இல்லம்மா. அது எந்த வாசல் வழியா சாப்புடுதுன்னு பாக்கச் சொல்லி ரெண்டு வருசம் குடுத்திருக்காங்க.”

அம்மா கணக்குப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“ரெண்டு வருசம் போதுமா?”

“போதாதும்மா.”

“அப்ப என்னா பாஸுன்னு நிக்கிற? போய் இப்பவே ஆரம்பி.”

போய் ஆரம்பித்தேன். தட்டு நிறையக் கலங்கள் பெருகி, புதிய தட்டுகளுக்குப் பிரிக்கக் காத்திருந்தன.